கரையோர நாய்க்கு ஏன் நரை விழுவதில்லை?

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ படகுகள் கரை சேரும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். மீன் கூடைகளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து நாய்கள் நிற்கும். ஏலம் போடுகிறவர்களின் காலுக்கிடையில் நாலைந்து பூனைகள் நுழைந்து வரும். எல்லாமே துடிப்பாக இருக்கும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால்தான் தெரியும், எல்லாமே இளசுகள். ஒரு வயது, இரண்டு வயது, மிஞ்சிப்போனால் நாலு. மூக்கு நரைத்த நாயைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாட்டு நாய் 12, 13 ஆண்டுகள் இருக்கும். பூனை 15 ஆண்டுகளைத் தாண்டுவதும் உண்டு. இந்த வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் பழகிய உடம்புதான் நம் நாய்களுடையது. குட்டை முடி, ஒல்லி உடம்பு, நீண்ட மூக்கு என்று எல்லாம் இந்த மண்ணுக்குப் பொருந்தியவை. அப்படியிருந்தும் ஏன் கிழடாவதில்லை?

கரையோரத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "எங்க வீட்டு நாய்தான். ஆனா கட்டிப்போடுறதில்ல. அதுபாட்டுக்குக் கரைக்குப் போகும், தின்னுட்டு வரும்." இதில் பொய்யில்லை, பாசமும் இருக்கிறது. ஆனால் பாதி வளர்ப்பு என்பது இதுதான். சோற்றைக் கடல் போட்டுவிடுவதால், மற்றதையெல்லாம் யார் பார்ப்பது என்ற கேள்வியே எழாமல் போகிறது. ஊசி எப்போது, குடற்பூச்சி மருந்து எப்போது, கருத்தடை எப்போது என்ற தேதிகளுக்குச் சொந்தக்காரர் இல்லை. கரையோர நாயின் ஆயுள் குறைவதற்கு என் கணக்கில் முதல் காரணம் இதுதான். மற்றவை இதிலிருந்து கிளைப்பவை.

தொடக்கத்திலிருந்தே வருவோம். நம் பக்கத்துத் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டிப் பருவத்துக்கு வருகின்றன. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஆகவே குட்டிகளில் பல கார்த்திகை, மார்கழியில் பிறக்கும். கவிழ்த்துப் போட்ட வல்லத்துக்கு அடியிலோ பழைய வலைக் குவியலுக்குள்ளோ ஈன்றிருக்கும். மேலே வாடைக்காற்று, கீழே ஈர மணல். பிறந்த குட்டிக்கு முதல் இரண்டு வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. அந்த நாட்களில் பசியைவிடக் குளிரால் சாகிற குட்டிகளே அதிகம் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். இரண்டு காய்ந்த சாக்கு, மேலே ஒரு தார்ப்பாய், அவ்வளவு போதும். தாயைத் தொந்தரவு செய்யாமல் நன்றாகச் சோறு போட வேண்டும். பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில்தான் நோய் எதிர்ப்புச் சக்தி வருகிறது. அந்த ஒரு நாளை விட்டுவிட்டால் பிறகு எந்தப் பாலும் அதை ஈடுசெய்யாது.

கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும். கண் திறந்ததும் பிள்ளைகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவார்கள். தயவுசெய்து 8 வாரம் பொறுங்கள். தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் இருக்கும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி வளர்ந்த பிறகு விளையாட்டாகவே ஆழமாகக் கடிக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை கண்டதும் கேட்டதும்தான் நாய்க்கு உலகம். டீசல் இன்ஜின் சத்தம், பைக், ஓடுகிற பிள்ளைகள், தொப்பி வைத்தவர், குடை பிடித்தவர் என்று எல்லாவற்றையும் அந்த வயதில் பயமில்லாமல் பார்த்துவிட்டால் பிறகு வெருளாது. பூனைக்கு இந்தக் காலம் இன்னும் குறுகியது. இரண்டாவது வாரம் தொடங்கி ஏழாவது வாரத்தில் முடிந்துவிடும். அதற்குள் மனிதக் கை படாத பூனைக்குட்டி பிறகு மடியில் வந்து படுப்பது அபூர்வம்.

தையும் மாசியும்தான் இந்தக் கதையின் கொடூரமான பகுதி. கார்த்திகைக் குட்டிகளுக்கு அப்போது இரண்டு மாதம் நிறைந்திருக்கும். நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்த குட்டி சோறு வேண்டாம் என்று ஒதுங்கும். வாந்தி எடுக்கும். அடுத்த நாள் ரத்தமும் நாற்றமுமாகக் கழியும். இதுதான் பார்வோ என்ற குடல் வைரஸ் நோய். ஒன்றுக்கு வந்தால் கூடப்பிறந்தவை எல்லாவற்றுக்கும் வரும். "மீன் தின்னு வயிறு கெட்டுப்போச்சு" என்று இருந்துவிடுவார்கள். அந்த இரண்டு நாள்தான் காப்பாற்றக்கூடிய நாள். இந்த வைரஸைக் கொல்ல நேரடி மருந்து கிடையாது. வெளியேறும் நீரை ஊசி வழியாக ஈடுகட்டி உடம்பைத் தாங்கிப்பிடித்தால், குட்டி தானே போராடி மீளும். அதனால் சீக்கிரம் போவதுதான் பாதி வைத்தியம்.

"ஊசி போட்டும் செத்துப்போச்சே" என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால் ஒரே ஒரு ஊசி போட்டிருப்பார்கள். ஏன் பல ஊசி என்பதை மட்டும் பொறுமையாகப் புரிந்துகொள்ளுங்கள். தாயிடமிருந்து சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் கொஞ்ச காலம் இருக்கும். அது இருக்கும்வரை, தடுப்பூசியில் உள்ள பலவீனமான வைரஸையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடும், ஊசி வீணாகும். அது எப்போது கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். ஒன்றுக்கு 7 வாரத்தில், இன்னொன்றுக்கு 14 வாரத்தில். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசியை 16 வாரம் நிறைந்த பிறகு முடிக்கிறார்கள். எந்த ஊசி பிடிக்கிறதோ அது பிடிக்கட்டும் என்பதுதான் கணக்கு. பூனைக்கும் இதே போன்ற குடல் வைரஸ் உண்டு, அதற்கும் தனி ஊசி உண்டு. பூனைக்கும் ஊசி என்றால் இங்கே இன்னமும் ஆச்சரியப்படுகிறார்கள்.

பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டி செத்த முற்றத்துக்கு அடுத்த வாரமே புதுக் குட்டி கொண்டுவந்தால் அதுவும் போகும். பினாயிலை நம்ப வேண்டாம். சிமெண்டுத் தரையை பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவலாம். மணல் முற்றத்தில் அதுவும் பலிக்காது. ஊசிகளை முடித்த நாயைத்தான் அங்கே விட வேண்டும்.

குடற்புழு இன்னொரு கரையோரக் கதை. நாய்க்குட்டி தாயின் வயிற்றிலிருக்கும்போதே உருண்டைப்புழுவோடு பிறக்கிறது. அதனால்தான் இரண்டாவது வாரத்திலேயே முதல் மருந்து, மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எடை பார்த்துத்தான் அளவு. கொக்கிப்புழு ரத்தத்தைக் குடிக்கும். ஈறு வெளுத்திருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். அதன் இளம்புழுக்கள் நிழல் விழும் ஈர மணலில் பிழைத்திருக்கும். வலை பின்னுகிறவர் உட்காரும் இடம், பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் இடம் இரண்டும் அதுதான். தோலுக்குள் புகுந்து, சிவப்பாக நெளிந்து நெளிந்து நகரும் தடிப்பை உண்டாக்கும். நாய்க்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை அந்தப் பிள்ளையையும் காக்கும்.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் முதலில், பிறகு ஆண்டுதோறும். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினத்தையும் செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையும் ஒட்டி அரசு கால்நடை மருந்தகங்களில் இலவச முகாம்கள் நடப்பது வழக்கம். தேதி மறந்துபோகிறவர்கள் இந்த இரண்டு நாளையாவது காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். ஒருவேளை கடித்துவிட்டால், பூனை கடித்தாலும் பிராண்டினாலும்கூட, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கூடாது. கடல் தண்ணீரில் கழுவினால் போதும் என்பதும் தவறு. அறிகுறி தொடங்கிவிட்டால் மருத்துவத்தால் மீட்க முடியாத நோய் இது.

ஆறு மாதம் தாண்டியதும் கருத்தடை. "பாவம், ஒரு ஈத்தாவது போடட்டுமே" என்பார்கள். அந்த ஒரு ஈத்துக்கு விலை இருக்கிறது. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த பெட்டை நாய்க்கு மடியில் புற்றுக்கட்டி வருவது மிக அரிது. ஒவ்வொரு பருவம் கழிந்தபின்னும் அந்தப் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும். கருப்பை இருக்கும்வரை அதில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் இருக்கும். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நாய் நிறையத் தண்ணீர் குடித்து, சோறு மறுத்து, சோர்ந்து படுத்தால் தாமதிக்காதீர்கள். கூடலால் ஒரு நாயிலிருந்து மற்ற நாய்க்குத் தொற்றும் புற்றுநோய் ஒன்றும் உண்டு. பிறப்புறுப்பில் பூக்கோசு போலக் கட்டி வந்து ரத்தம் சொட்டும். பார்க்கவே மனம் பதறும், ஆனால் வாரம் ஒரு ஊசியாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். புற்று என்றதும் விட்டுவிட்டவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். கடுவன் நாய்க்குக் கருத்தடை செய்தால் பெட்டை தேடி ஊர் ஊராக அலைவதும், சண்டையில் காது கிழிந்து வருவதும், சாலையில் அடிபடுவதும் குறையும். பூனை இன்னும் வேகம். நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும்.

சித்திரை பிறந்ததும் கரை மாறிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 2017 முதல் 61 நாள். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்க, ஏலக்கூடம் வெறிச்சோடும். நாட்டுப்படகில் வரும் மீன் ஏலத்துக்கே பத்தாது, கழிவுக்கு எங்கே போவது? ஆண்டு முழுக்கச் சோறு போட்ட கடல் கையை விரிக்கிற மாதங்கள் இவை. நாய்கள் குப்பைமேட்டுக்கும் அடுத்த தெருவுக்கும் நகரும். அங்கே ஏற்கெனவே இருக்கும் நாய்களோடு சண்டை, கடி, காயம். "எங்க நாய்" என்று சொல்பவர் உண்மையில் எங்கே நிற்கிறார் என்பது இந்த 61 நாளில் தெரிந்துவிடும். மனிதர்களுக்கே வருமானம் இல்லாத நேரம், எனக்குத் தெரியும். சோற்றோடு ஒரு முட்டை, கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரல், இரைப்பை, கால் இவற்றை வேகவைத்துப் போட்டாலே நாய்க்குப் போதும். தடைக்காலம் தொடங்குமுன் பூச்சி மருந்தும் கொடுத்துவிட்டால் போடுகிற கொஞ்சமும் உடம்பில் ஒட்டும்.

அதே மாதங்களில்தான் வெயிலும். நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும் கொஞ்சம். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்த கடற்கரையில் அந்த ஆவியாதல் சரியாக நடக்காது. அதனால் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்து, உள்நாட்டைவிட இங்கே வெக்கை குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. தகரக் கொட்டகைக்கு அடியில் கட்டிப்போட்ட நாய், காற்றும் இல்லாமல், ஒரு மணி நேரத்தில் விழுந்துவிடலாம். இரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்சிவந்து, தள்ளாடினால் அங்கேயே உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 105-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. இந்தக் கரைக்கு பனிநாட்டு ஹஸ்கியையும் மூக்கு சப்பையான பக்கையும் பெர்சியன் பூனையையும் வாங்கி வருபவர்களை நான் நேராகவே தடுத்திருக்கிறேன், இனியும் தடுப்பேன். அவை இங்கே மூச்சுவிடவே பாடுபடும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு போய் நல்ல தண்ணீர் பிடிக்கிற ஊர்கள் நம்முடையவை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கரித்தால் நமக்குத் தனிக்குடம், நாய்க்குக் கிணற்றுத் தண்ணீர் என்று பிரித்துவிடுகிறோம். உப்புத் தண்ணீரை அவை குறைவாகவே குடிக்கும், அல்லது குடித்துக் கழியும். பூனைக்கு இயல்பிலேயே தாகம் குறைவு. தண்ணீரும் பிடிக்காமல் போனால் சிறுநீர் கெட்டிப்பட்டுப் படிகம் கட்டும். கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் மிக ஒல்லியானது, அடைத்துக்கொள்ளும். முக்கிக்கொண்டே உட்கார்ந்து, சொட்டுக்கூட வராமல் கத்தினால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும். நாம் குடிக்கும் குடத்திலிருந்து ஒரு கிண்ணம், வாய் அகன்ற மண்சட்டியில், சோற்றுத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு செம்புத் தண்ணீர் செலவு.

மீனைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பூனைக்கு மீன் நல்லதுதான், ஆனால் பச்சையாக அதுமட்டுமே என்றால் கெடுதல். நெத்திலி போன்ற சில மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் ஒரு நொதி உண்டு. வாரக்கணக்கில் அதையே பச்சையாகத் தின்ற பூனை தலையைத் தூக்க முடியாமல் கவிழ்த்துக்கொள்ளும், தள்ளாடும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். மத்தி, சூரை போல எண்ணெய்ப்பசை மிகுந்த மீனே எப்போதும் என்றால் உடம்புக் கொழுப்பு வீங்கி, தொட்டாலே வலிக்கும். மீனோடு கோழி, முட்டை என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். பூனை இறைச்சி இல்லாமல் வாழ முடியாத உயிர். டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்கும், அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். பால்சோறு மட்டும் போட்டு வளர்ப்பது மெதுவாகப் பட்டினி போடுவதுதான். கருவாடு உப்பு. நாய், பூனை இரண்டுக்கும் வேண்டாம். வெங்காயம், பூண்டு கிடந்த குழம்புச் சோறும் அப்படியே. வெங்காயம் அவற்றின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

வலையிலிருந்து கழித்து மணலில் எறியும் பேத்தை மீன் நேரடி விஷம். அதன் நஞ்சு வெந்தாலும் போகாது. அதைக் கடலிலேயே போட்டுவிடவோ புதைத்துவிடவோ செய்யுங்கள். தூண்டில் முள்ளை விழுங்கிய நாயின் வாயில் தங்கூசி (தூண்டில் நூல்) தொங்கினால் இழுக்கக் கூடாது. இழுத்தால் முள் உள்ளே கிழித்துக்கொண்டு வரும். நூலைக் கழுத்துப்பட்டையில் தளர்வாகக் கட்டி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அறுவை தேவைப்பட்டு ராமநாதபுரத்தில் வசதி இல்லையென்றால், திருநெல்வேலியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். கால்நடைகளுக்கான அவசர அழைப்பு எண் 1962.

சொறி பிடித்த நாய்க்குப் படகு இன்ஜினின் கழிவு ஆயிலைப் பூசுகிற பழக்கம் இங்கே தலைமுறையாக இருக்கிறது. சொறி கொஞ்சம் அடங்குவது போலத் தெரியும், ஏனென்றால் பூச்சி எண்ணெயில் மூச்சடைக்கும். ஆனால் நாய் அதை நக்கும். தோல் வெந்துபோகும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். எனக்கு நினைவு தெரிந்த நாளில் எங்கள் வீட்டிலும் ஒரு செவலைக்கு அப்படிப் பூசினோம். நாலாம் நாள் அது எழுந்திருக்கவில்லை. இன்று சொறிக்கும் உண்ணிக்கும் ஒரே மாத்திரை கிடைக்கிறது. ஒரு மாதத்துக்குப் பலன் தரும் வகைகளும் மூன்று மாதத்துக்குப் பலன் தருபவையும் உண்டு. விலை அதிகம்தான். ஆனால் உண்ணி பரப்பும் ரத்த நோய்க்குச் செய்யும் செலவு அதைவிட அதிகம். உண்ணி நாயின் உடம்பில் இருப்பதைவிடச் சுவர் வெடிப்பிலும் கட்டில் கால் இடுக்கிலும்தான் அதிகம் இருக்கும், அங்கேயும் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனை மேல் பட்டால் வலிப்பு வந்து சாகும். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமாலும் பூனைக்கு நஞ்சு. அரை மாத்திரைகூடக் கொல்லும்.

சீமைக் கருவேலம் மூடிய மாவட்டம் இது. நொண்டுகிற நாயின் பாதத்தை விரலிடுக்கு விரலிடுக்காகப் பாருங்கள். முள் முனை உள்ளே ஒடிந்து சீழ் வைத்திருக்கும். உப்புத் தண்ணீரில் நனைந்து வந்த நாயை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசித் துவட்டினால் போதும், தினமும் சோப்புப் போட வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்து வீட்டை விட்டுப் போகும்போது கூட்டிச்செல்ல முடியவில்லை என்றால், கட்டவிழ்த்துவிட்டுப் போங்கள்.

இத்தனையும் தாண்டி வந்த நாய் ஏழெட்டு வயதில் முதுமைக்குள் நுழையும், பூனை பத்து, பதினொன்றில். முதுமை என்று எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது. எழும்போது பின்னங்கால் நடுங்குவது மூட்டுவலி, அதற்கு மருந்து உண்டு. சோறு மறுப்பது பல நேரம் பல்வலி. வயதான பூனை திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து, நிறையச் சிறுநீர் கழித்து, மெலிந்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கண் மங்கிய நாய்க்கு வீட்டுச் சாமானை இடம் மாற்றி வைக்காதீர்கள். படிக்கட்டில் ஒரு சாக்கு விரியுங்கள், கால் வழுக்காது.

எங்கள் கருப்பன் 13 வயது வரை இருந்தான். கடைசி மாதம் மருத்துவர் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். தானாகச் சாப்பிடுகிறதா, தானாக எழுந்து வெளிக்குப் போகிறதா, உங்களைப் பார்த்தால் வால் ஆடுகிறதா? தினமும் குறித்து வையுங்கள், இல்லை என்பது அதிகமாகும் வாரத்தில் வந்து சொல்லுங்கள் என்றார். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். பதினேழாம் நாள் மூன்றுக்கும் இல்லை. மறுநாள் காலை வீட்டுக்கே வந்து, முதலில் மயக்க மருந்து கொடுத்து, என் மடியில் தூங்கிய பிறகுதான் அடுத்த ஊசியைப் போட்டார்.

மணலில் ஆழமில்லாமல் புதைத்தால் மற்ற நாய்கள் தோண்டிவிடும். அந்த ஊசி மருந்து உடலில் இருக்கும், தின்னும் உயிரையும் அது கொல்லும். அலை எட்டாத மேட்டில், பனைக்கு அருகில், இடுப்பளவு குழி எடுத்தோம். மூடியபின் அதன்மேல் கருவேல முள்ளை வெட்டிப் பரப்பிக் கல் வைத்தோம்.